படித்தால் போதாது, கணக்கு டேலி ஆக வேண்டும்: சிறுதொழில் நிதி விண்ணப்ப ஆவணங்களைத் தானியக்கமாக்கும்போது

சிறுதொழில் நிதி விண்ணப்பத்தோடு சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பது வழக்கம். ஒரு ஸ்டேட்மென்டில் 200 வரிகள் என்று வையுங்கள். வரிக்கு ஆறு இலக்கத் தொகை ஒன்று, ஆறு இலக்க இருப்பு ஒன்று. மொத்தம் 2,400 இலக்கங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தருவது ஓசிஆர் மென்பொருள். இலக்கங்களை 99 சதவீதம் சரியாகப் படிக்கும் ஓசிஆர்கூட இதில் சராசரியாக 24 இலக்கங்களைத் தவறாகப் படிக்கும். அதில் ஒன்று ஒரு பெரிய தொகையின் முதல் இலக்கமாக இருந்து, 1 என்பது 7 ஆகிவிட்டால் வராத வருமானம் வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் எது நன்றாகப் படிக்கிறது என்று கேட்கிறார்கள். தவறாகப் படித்ததை எது காட்டிக்கொடுக்கும் என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும்.

ஆவணங்கள் இணையப் படிவம், மின்னஞ்சல், கைப்பேசிச் செயலி என்று பல வழிகளில் வரும். எந்த வழியில் வந்தாலும் ஒரே வரிசையில் விழட்டும். வந்த கோப்பை ஒரு பைட்கூட மாற்றாமல் தனியாக வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். கூடவே அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டுப் பதிந்துகொண்டால், அதே கோப்பு இரண்டாம் முறை வரும்போது உடனே தெரிந்துவிடும். ஆனால் அதே தாளை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் இந்த மதிப்பு மாறிவிடும். அதற்குக் கணக்கு எண், காலம், இறுதி இருப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

கோப்பின் பெயரில் உள்ள .pdf போன்ற பின்னொட்டை நம்ப வேண்டாம். உள்ளே முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் அது உண்மையில் பிடிஎஃப்தானா, படமா, ஜிப்பா என்பது தெரியும். வங்கிகள் அனுப்பும் பிடிஎஃப்கள் பலவற்றுக்குப் பாஸ்வேர்ட் இருக்கும். மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர் திறந்து பார்த்துவிட்டுக் கேட்பதைவிட, பதிவேற்றும் திரையிலேயே கேட்டு, திறந்தவுடன் அந்தப் பாஸ்வேர்டை அழித்துவிடுவதே முறை.

அடுத்து, பிடிஎஃப்புக்குள் எழுத்தாகவே உரை இருக்கிறதா, வெறும் படமா என்று பாருங்கள். எழுத்தாக இருந்தால் ஓசிஆர் பக்கமே போக வேண்டாம். எல்லாவற்றையும் படமாக மாற்றி ஓசிஆருக்குக் கொடுக்கும் அமைப்புகள் நிறைய உண்டு. பிழையே இல்லாத எண்களை வலியப் பிழையாக்கும் வேலை அது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் எழுத்துருவின் குறியீட்டு அட்டவணை சரியாக இல்லாத பிடிஎஃப்களில், திரையில் ஒழுங்காகத் தெரிவது நகலெடுத்தால் குப்பையாக வரும். பக்கத்துக்கு எத்தனை தேதிகள், எத்தனை தொகைகள் கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தாலே குப்பையைக் கண்டுகொள்ளலாம். அப்படிப்பட்ட பக்கங்களை மட்டும் ஓசிஆருக்கு அனுப்பினால் போதும்.

படமாக வருவதற்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், தேவை. ஏ4 தாளுக்கு அது 2480 × 3508 பிக்சல். செய்திச் செயலிகள் புகைப்படத்தைப் பெரும்பாலும் சுருக்கியே அனுப்புகின்றன. நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கினால் 137 டிபிஐ அளவுதான் மிஞ்சும். அந்த நிலையில் 3-ம் 8-ம், 5-ம் 6-ம் ஒன்றுபோலத் தெரியும், புள்ளியும் காற்புள்ளியும் கலந்துவிடும். விண்ணப்பதாரர் பதிவேற்றும் திரையில் இருக்கும்போதே பிக்சலை எண்ணித் திருப்பிக் கேட்பதற்கு எந்தச் செயற்கை நுண்ணறிவும் வேண்டியதில்லை.

அறுபது பக்கத்தையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்புகிறவர்கள் எப்போதும் உண்டு. கோப்பை மொத்தமாக வகைப்படுத்தாமல் பக்கம் பக்கமாக வகைப்படுத்தி, பிறகு பிரிக்க வேண்டும். "8-இல் 3" என்பது போன்ற பக்க எண்தான் இதில் நல்ல துணை. காலியான பக்கத்தையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டல் கழித்தலே காவல்

பேங்க் ஸ்டேட்மென்டில் ஒரு வசதி இருக்கிறது. வேறெந்த ஆவணத்திலும் இவ்வளவு தெளிவாக அது கிடையாது: தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். தொடக்க இருப்போடு வரவுகளைக் கூட்டிப் பற்றுகளைக் கழித்தால் இறுதி இருப்பு வந்தாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இருப்பு அச்சாகியிருந்தால், முந்தைய வரியின் இருப்பிலிருந்து அடுத்த வரியின் இருப்பும் வந்தாக வேண்டும். இந்த மாத இறுதி இருப்பு அடுத்த மாதத் தொடக்க இருப்பாக இருக்க வேண்டும். வரிவரியாகச் சரிபார்த்தால் எந்த வரியில் கணக்கு முறிந்தது என்பது அப்படியே தெரியும். சரிபார்க்கும் ஊழியர் 200 வரியையும் பார்க்காமல் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு தொகை உதைக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். பழைய கணக்குப்பிள்ளைகள் கைக்கணக்கில் பயன்படுத்திய உத்திகள் இங்கேயும் அப்படியே செல்லும். வித்தியாசம் ஒரு வரியின் தொகைக்குச் சமம் என்றால் அந்த வரி விட்டுப்போயிருக்கலாம், அல்லது இருமுறை ஏறியிருக்கலாம். ஒரு தொகையின் சரியாக இரு மடங்கு என்றால் பற்று வரவாக ஏறியிருக்கலாம், அல்லது வரவு பற்றாக. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் (563 என்பதை 536 என்று எழுதினால் வித்தியாசம் 27), அல்லது 56 என்பது 560 ஆனதுபோல ஒரு சுழி கூடியிருக்கலாம். கணக்கு முறிவது ஒரு பக்கத்தின் முதல் வரியில் என்றால், நடுவே ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கலாம். இவற்றை விதிகளாக எழுதிவிட்டால் மென்பொருளே காரணத்தை ஊகித்து ஊழியரிடம் நீட்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை, பக்கத் தலைப்பில் உள்ள "கொண்டுவந்த இருப்பு" வரி வரவாகப் பதிவாவது. மாதத்துக்கு எட்டுப் பக்கம் என்றால் ஏழு முறை பெருந்தொகை வந்ததுபோல ஆகிவிடும். எதிர்மறைத் தொகையைச் சில வங்கிகள் அடைப்புக்குறிக்குள் போடும், சில எண்ணுக்குப் பின்னால் கழித்தல் குறி போடும். தசமத்துக்குச் சில நாடுகளில் புள்ளி, சில நாடுகளில் காற்புள்ளி. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதும் இதே ரகம். ஸ்டேட்மென்டின் காலமும் வரிகளின் வரிசையும் தேதியைத் தீர்த்துவைக்கும், மற்றவற்றை வரிக்கு வரி அச்சாகும் ஓடும் இருப்பு தீர்த்துவைக்கும்.

மென்பொருள் தரும் நம்பக மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 0.97 என்று அது சொல்வது நூற்றுக்கு 97 முறை சரி என்ற உத்தரவாதம் ஆகாது. சாட்ஜிபிடி போன்றவற்றின் அடிப்படையான பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு தகவல் எடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஓசிஆர் மங்கிய இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் பல சமயம் பார்த்தவுடன் தெரியும்படி கோணலாக இருக்கும். மொழி மாதிரியோ பொருத்தமாகத் தோன்றும் ஒரு எண்ணை இட்டு நிரப்பிவிடும். எடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் எந்தப் பக்கம், எந்த இடம் என்று கேட்டு வாங்குங்கள். இடம் காட்ட முடியாத மதிப்பை ஏற்க வேண்டாம். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக "இந்த விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்" என்று யாராவது எழுதிவைத்தால் மாதிரி அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே தகவல் எடுக்கும் மாதிரியின் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

டேலி ஆனால் ஆவணம் அசல் என்று பொருளில்லை. அரைகுறையாகத் திருத்தியவர் ஓடும் இருப்பை மாற்ற மறந்து மாட்டிக்கொள்வார். விவரமானவர் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார். பிடிஎஃப்பை உருவாக்கிய மென்பொருளின் பெயர், திருத்திய தேதி, கோப்பின் முடிவுக் குறி ஒன்றுக்கு மேல் இருப்பது, ஒரு தொகைக்கு மட்டும் வேறு எழுத்துரு ஆகியவை சந்தேகக் குறிகள். இவற்றைக் கொண்டு தானாக நிராகரிக்கக் கூடாது. கணினியில் திறந்து மறுபடி சேமித்தாலோ மின்கையொப்பம் இட்டாலோ இவற்றில் சில குறிகள் வரும். சந்தேகம் வந்தால் விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு வங்கியிடமிருந்தே தரவைப் பெறுவதுதான் தீர்வு.

பெயர் ஒப்பீட்டிலும் அதே நிதானம் வேண்டும். பதிவுச் சான்றிதழில் முழுப்பெயர், வங்கியில் முதலெழுத்து, படிவத்தில் கடைப் பெயர் என்று இருப்பது சாதாரணம். வேறுபாட்டைக் குறித்துவைத்து மனிதரிடம் காட்டுங்கள்.

திருப்பிக் கேட்கும் விதம்

விண்ணப்பங்கள் தேங்குவதற்கு "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்ற வாக்கியம் பெரிய காரணம். அதைப் படிப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. மறுபடி எல்லாவற்றையும் அனுப்புவார், விட்டுப்போன பக்கம் மறுபடியும் விட்டுப்போகும். "மார்ச் ஸ்டேட்மென்டில் மொத்தம் 8 பக்கங்கள், 5-ஆம் பக்கம் மட்டும் வரவில்லை" என்று எழுதினால் அந்த ஒரு பக்கம் வரும். குறைகள் எத்தனை இருந்தாலும் ஒரே செய்தியில் சொல்லுங்கள்.

சரிபார்க்கும் ஊழியரின் திரையில் எடுத்த எண்ணும் அந்த இடத்தின் படத்துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இயந்திரம் படித்தது, ஊழியர் திருத்தியது இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். மேலெழுதினால் எது எங்கே தவறுகிறது என்று பிறகு கண்டுபிடிக்க வழியிருக்காது. எல்லாமே சரியாக வரும் நாட்களில் கை தன்னால் "சரி" பொத்தானை அழுத்தும். தெரிந்தே சில தவறான எண்களை இடையிடையே கலந்துவிட்டு, அவை பிடிபடுகின்றனவா என்று பார்ப்பது இதற்கு மருந்து.

தொடங்கும்போது எல்லா ஆவணங்களையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். முடிவு தெரிந்த பழைய விண்ணப்பங்களில் ஒரு நூறை எடுத்து, பேங்க் ஸ்டேட்மென்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை ஸ்டேட்மென்ட் மனிதக் கை படாமல் டேலி ஆனது, டேலி ஆனதாகச் சொன்னவற்றில் எத்தனை உண்மையில் தவறு என்ற இரண்டு எண்ணிக்கைகள் போதும். அந்தச் சோதனைக்கு எடுத்த நகல்களில் அசல் பெயர்களும் கணக்கு எண்களும் இருக்கும். சோதனை முடிந்த அன்றே, யாருடைய மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கும் இணைப்பானாலும் சேர்த்து, அவற்றை அழித்துவிட வேண்டும்.