"நன்றி: கூகுள்"

தில்லியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே படிப்பவர்களில் பலர் மயூர் விகார், ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு வருடங்களுக்கு முன், குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் ஓர் அழைப்பிதழோடு வந்து நின்றாள். அவள் வரைந்த பொங்கல் பானை ஓவியத்தை அவளுடைய அப்பா குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி வேறொரு பகுதியின் பொங்கல் விழா அழைப்பிதழில் அட்டைப்படமாகிவிட்டது. ஓவியத்தின் மூலையில் அவள் போட்டிருந்த கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"படத்த எடுத்துக்கட்டும் மேம், என் பேர ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

அதுவரை நான் பதிப்புரிமை வகுப்பை 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்றுதான் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அன்றிலிருந்து தொடக்கத்தையே மாற்றிக்கொண்டேன். நீ வரைந்த படம், எழுதிய கதை, எடுத்த போட்டோ யாருக்குச் சொந்தம்? இதுதான் இப்போது என் முதல் கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை, வயது வரம்பும் இல்லை. உரிமையை விற்றுவிட்டாலும்கூட 'இது நான் படைத்தது' என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

பலர் பதிப்புரிமையைக் காப்புரிமை என்கிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். இரண்டும் வேறு என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அவர்களுடைய புராஜெக்ட் நோட்டுகளையே எடுத்து விரிப்பேன். பத்தில் எட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நன்றி: கூகுள்' என்று இருக்கும். "அலமாரியிலிருந்து புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன் என்பதற்காக அதை எழுதியவள் நானாகிவிடுவேனா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

உடனே கணினி அறைக்குப் போகிறோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் குதுப் மினார் என்று தேடச் சொல்வேன். பிடித்த படத்தைத் திறந்து மூன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்: எடுத்தவர் யார், எந்த உரிமம், அந்த உரிமம் நம்மிடம் என்ன கேட்கிறது. இந்தத் தேடலுக்கு ஒரு பீரியட் முழுக்கக் கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். படைத்தவரே 'இன்ன நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம்' என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. அவற்றின் எழுத்துகளைப் பிள்ளைகளே தமிழில் சொல்லிப் பழகுகிறார்கள். 'பிஒய்' என்றால் பேரைப் போடு. 'எஸ்ஏ' என்றால் நீ மாற்றியதையும் இதே நிபந்தனையில் மற்றவர்களுக்குக் கொடு. 'என்சி' வியாபாரத்துக்கு ஆகாது, 'என்டி' என்றால் மாற்றாதே. கடைசி இரண்டும் காமன்ஸில் ஏற்கப்படுவதில்லை, வேறு தளங்களில் வரும். முன்பின் தெரியாத ஒருவர் 'என் படத்தை எடுத்துக்கொள், பேரை மட்டும் போடு' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஓர் ஆச்சரியம் வரும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

அறிவுசார் சொத்துரிமை பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் மத்திய அரசின் 'ஐபி நானி' அசைபடங்கள் 2018இல் வந்தன. ஆறாம் வகுப்புக்குத் தொடக்கமாகக் காட்டலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் திருட்டு என்ற சொல் மட்டும்தான் மனதில் தங்கும்.

சட்டம் விட்டுக்கொடுக்கும் இடங்களும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கைச் சொல்வேன். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அந்தக் கடை, பாடத் தொகுப்புகளைப் பிரதி எடுத்துத் தந்தது. 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் அதன்மீது வழக்குப் போட்டன. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கல்வித் தேவைக்கான விதிவிலக்கின் பக்கம் நின்றது. நம் ஊர்க் கடை என்பதால் பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி. ஆனால் இதைக் காட்டி ஒரு முழு கைடைப் பிடிஎஃப் ஆக்கிப் பெற்றோர் குழுவில் சுற்றவிட முடியாது. இதைப் பெற்றோர்களிடம்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் படிக்க முறையான வழிகள் இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மூன்றையும் நூலகக் கணினியின் முகப்பிலேயே வைத்திருக்கிறேன். ஒரு நூல் உரிமைக்காலம் முடிந்து எப்போது பொதுவுக்கு வரும் என்பதை மாணவர்களே கணக்குப் போடுவார்கள். எழுதியவர் இறந்த ஆண்டோடு 60 ஆண்டுகள். காந்தி மறைந்தது 1948, ஆகவே 2009 ஜனவரி முதல் அவர் எழுத்து பொதுவுடைமை. ஆர்.கே.நாராயண் மறைந்தது 2001, எனவே 2061 முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாரதியார் விஷயத்தில் சென்னை மாகாண அரசே 1949இல் உரிமையைப் பெற்று, பின்னர் மக்களுக்குக் கொடுத்துவிட்டது.

இந்தப் பாரதி பாடத்துக்கு ஆண்டு விழாவில் ஒரு சோதனை வந்தது. போன முறை பாரதி பாட்டுக்கு ஆடிய நடனத்தை யூடியூபில் ஏற்றினோம், சில நிமிடங்களில் உரிமைக் கோரல் வந்தது. "பாரதி பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. வரிகள் பொது. நாங்கள் ஒலிக்கவிட்டது ஒரு சினிமா ஒலிப்பதிவு. அந்த மெட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பள்ளிக்குள், மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் மட்டும் இருக்கும் அரங்கில் ஒலிக்கவிடச் சட்டமே இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றியதும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம்.

இந்த வருடம் அதே வரிகளுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே மெட்டுப் போட்டார்கள். மிருதங்கம், கீபோர்டு, ஆறு குரல்கள், நூலகத்துக் கதவைச் சாத்திவிட்டுச் செல்பேசியில் பதிவு. அட்டைப்படம் அந்தப் பொங்கல் பானை மாணவி வரைந்தது. மூலையில் கையெழுத்து இருக்கிறது, கீழே 'பேரைப் போட்டுப் பயன்படுத்தலாம்' என்று அவளே எழுதிக் கொடுத்தாள்.