மனச்சோர்வும் மூளைக்குள் ஒரு சரவெடியும்

மன அழுத்தத்தை ஆராயும் கூடங்களில் சுண்டெலியைத் தினமும் சில மணி நேரம் குறுகலான குழாய்க்குள் அடைத்து வைப்பார்கள். காற்று வரும், உடம்பைத் திருப்ப இடமிருக்காது. இரண்டு வாரம் கழித்துக் கூண்டில் இரண்டு புட்டிகள் தொங்கும்: ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். மற்ற எலிகள் சர்க்கரைப் புட்டியைத்தான் தேடிப் போகும். அடைபட்ட எலிக்கோ அந்த நாட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

மனச்சோர்வில் தவிப்பவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு எதுவுமே மனசில் ஒட்டுவதில்லை. அவர்களிடம் போய் "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது அந்த எலியின் மூளையைப் பார்த்தால் புரியும்.

மூளையின் நடுவே, புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸை ஒட்டிப் பின்புறமாக, ஹபெனுலா என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. சில மில்லிமீட்டர்தான். அதன் வெளிப்புறப் பாதி ஏமாற்றத்தைக் கவனிக்கிறது. பரிசு கிடைக்காது என்று குரங்குக்குத் தெரிந்த கணத்தில் இங்குள்ள நியூரான்கள் (நரம்பு செல்கள்) துடிப்பதையும், நாட்டத்தைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் அடங்குவதையும் ஆய்வாளர்கள் மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் 2007இல் காட்டினார்கள். ஹபெனுலா பெரும்பாலும் இடையிலுள்ள தடுப்பு நியூரான்களை ஏவிவிட்டே டோபமைனை அடக்குகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மையத்துக்கும் அதன் இழைகள் போகின்றன. ஏமாற்றத்திலிருந்து பாடம் கற்க இந்த ஏற்பாடு வேண்டியதுதான். ஓயாமல் இயங்கினால்தான் ஆபத்து.

சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹைலான் ஹூவின் குழு 2018இல் அந்த இயக்கத்தின் தாளத்தையே கண்டுபிடித்தது. சோர்ந்த எலிகளின் ஹபெனுலாவில் பல நியூரான்களின் மின்துடிப்புகள் ஒற்றை வெடியாக வெடிக்காமல் சரவெடியாக வெடித்தன. நல்ல எலிகளில் ஒளியைப் பாய்ச்சி இதே சரவெடியை உண்டாக்கியபோது அவையும் சோர்ந்துபோயின.

அது எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. நியூரானை அணைத்தபடி இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் கிர் 4.1 என்ற பொட்டாசியம் வாயில் (செல்லின் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் புரத வழி) இந்த எலிகளில் கூடிப்போகிறது. அது வெளியே இருக்கும் பொட்டாசியத்தை உறிஞ்சிவிடுவதால் நியூரானின் உட்புறம் மேலும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. சாதாரணமாக இப்படி ஆனால் நியூரான் அடங்க வேண்டும். ஆனால் இங்கே டி-வகைக் கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் அவை மறுபடி திறக்கத் தயாராகும். திறந்ததும் கால்சியம் பாய்கிறது, மின்னழுத்தம் எகிறுகிறது, என்எம்டிஏ ஏற்பி என்ற இன்னொரு வாயிலை அடைத்திருந்த மெக்னீசியம் விலகுகிறது, அதன் வழியாகவும் கால்சியம் கொட்டுகிறது. அப்புறம் படபடவென்று வெடிதான்.

கெட்டமைன் என்ற பழைய மயக்க மருந்து நுழைவது இந்த என்எம்டிஏ வாயிலில். வழக்கமான மாத்திரைகள் பலன் தர வாரக்கணக்காகும். கெட்டமைன் சில மணி நேரத்தில் மனச்சோர்வைக் குறைப்பதை 2000இல் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனை காட்டியது. ஹூவின் குழு அதை நேராக ஹபெனுலாவில் செலுத்தியபோது சரவெடி அடங்கியது, எலிகளும் விரைவிலேயே தேறின.

ஹபெனுலா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கெட்டமைன் முன்மூளைப் புறணியில் நரம்பிணைப்புகளைப் பெருக்குவதை அமெரிக்க ஆய்வாளர் டூமனின் குழு 2010இலேயே எலிகளில் காட்டியிருக்கிறது. இன்னொன்று, இது போதைக்குப் பழக்கிவிடக்கூடிய, சிறுநீர்ப்பையைக் கெடுக்கக்கூடிய மருந்து. இதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்புக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தபோதும், மருத்துவக் கண்காணிப்பில் மட்டும், குறைந்தது 2 மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும் என்றுதான் விதித்தது.

எலியின் உடலில் கெட்டமைனின் அரை ஆயுள் (அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 13 நிமிடம்தான். பலனோ 24 மணி நேரம் வரை நிற்கிறது. காரணம் 2023இல் தெரிந்தது. திறந்திருக்கும் வாயிலுக்குள் போய் மருந்து சிக்கிக்கொள்கிறது. வாயில் மறுபடி திறந்தால்தான் வெளியே வரும். ஆகவே உடலில் மருந்து நிறைய இருக்கும்போது ஹபெனுலாவைத் தூண்டினால் இன்னும் நிறைய சிக்கிப் பலன் நீள்கிறது. மருந்து வடிந்தபின் தூண்டினால் சிக்கியது வெளியேறிப் பலன் சுருங்குகிறது. அளவைக் கூட்டாமலே பலனை நீட்டிக்க எலிகளில் முடிந்திருக்கிறது.