பெரியம்மாவின் கார்ட்டிசால் ஏன் இறங்கவில்லை?

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா முப்பது வருஷமாக வலிப்புக்கு பீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு முகம் உப்பி, ரத்த அழுத்தமும் ஏறியதால், குஷிங் சிண்ட்ரோமாக இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் கோளாறு அது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை. கார்ட்டிசால் இறங்கவே இல்லை. வீடே கலங்கிவிட்டது.

கார்ட்டிசாலைச் சுரப்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். அவற்றை ஏவுவது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. டெக்சாமெத்தசோன் ஒரு செயற்கை ஸ்டீராய்டு. அது ரத்தத்தில் வந்ததும் ‘இருப்பு போதும்’ என்று பிட்யூட்டரி அடங்கிவிடும். காலையில் கார்ட்டிசால் லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே போய்விடும். பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ கட்டி இருந்தால் அது அவ்வளவு சுலபத்தில் அடங்காது.

சரி, பெரியம்மாவுக்குக் கட்டியா? அவருடைய கல்லீரலைக் கேட்க வேண்டும். பீனோபார்பிட்டோன் பார்பிட்யூரேட் வகை மருந்து. தினமும் அது வந்துகொண்டிருந்தால், கல்லீரல் மருந்துகளை உடைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. அவற்றில் சிஒய்பி3ஏ4 என்ற நொதிதான் டெக்சாமெத்தசோனையும் உடைக்கிறது. ஆக, விடிவதற்குள் மாத்திரையில் பெரும்பகுதி காணாமல் போகிறது. பிட்யூட்டரியை அடக்க ஆளில்லை. நோயே இல்லாதவருக்கும் நோய் இருப்பதாக முடிவு வரும்.

ஒரு வேடிக்கை: பேயர் நிறுவனம் பீனோபார்பிட்டோனை லூமினல் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும், அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்தக் கோளாறுள்ள தன் முதல் நோயாளியைப் பற்றி எழுதியதும் ஒரே ஆண்டில், 1912இல்.

வலிப்பு மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டுப் பார்க்கலாமே என்றார் பெரியப்பா. ஆபத்தான யோசனை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பவும் வாரக்கணக்கில் ஆகும். அதே ரத்தத்தில் டெக்சாமெத்தசோன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது நல்ல வழி. அதைவிட எளிது எச்சில் பரிசோதனை. நள்ளிரவை ஒட்டி கார்ட்டிசால் மிகக் குறைவாக இருக்க வேண்டும்; குஷிங்கில் அந்த இறக்கம் இருக்காது. டெக்சாமெத்தசோனே தேவையில்லாததால் கல்லீரலின் அவசரமும் இங்கே குறுக்கே வராது.

பெரியம்மா இரண்டு இரவுகள் பஞ்சுத் துண்டைச் சவைத்துக் கொடுத்தார். இரண்டும் சாதாரண அளவுதான். “என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.