பிளாக்னா என்ன? வலைப்பதிவா, வலைப்பூவா?

அல்சூர்ல எங்க மாடி வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, பியூசி ரெண்டாவது வருஷம். போன வாரம் அவ தாத்தாகிட்ட "நான் ஒரு பிளாக் ஆரம்பிக்கப் போறேன் தாத்தா"ன்னா. அவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "எந்த பிளாக்மா, ஜெயநகர் நாலாவது பிளாக்கா?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டது நியாயம்தான். பெங்களூர்ல பிளாக்னா ஏரியா, அபார்ட்மெண்ட்ல பிளாக்னா கட்டடம், வாட்ஸப்ல பிளாக் பண்ணா ஆளையே ஒதுக்கி வச்சாச்சுன்னு அர்த்தம், கறுப்பும் பிளாக்தான், தமிழ்ல எழுதினா எல்லாத்துக்கும் ஒரே எழுத்து. அவ சொன்னது இன்டர்நெட்ல தேதி போட்டு அப்பப்போ எழுதி வைக்கிற சொந்தப் பக்கத்தை. இந்த ஒரு குழப்பத்துக்காகவே தமிழ்ச் சொல்லை எடுத்துக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

இந்த பிளாக்ங்கிற இங்கிலீஷ் சொல்லு கப்பல்லேர்ந்து வந்தது. அதுக்குள்ள ஒரு 'லாக்' இருக்கு, லாக்னா மரக்கட்டை. அந்தக் காலத்துல கப்பல் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயித்துல கட்டி கடல்ல போடுவாங்க, கயித்துல சரியான இடைவெளி விட்டு முடிச்சு போட்டிருக்கும், மணற்கடிகாரத்துல மணல் கொட்டி முடியறதுக்குள்ள எத்தனை முடிச்சு கை வழியா ஓடுதுன்னு எண்ணுவாங்க. கப்பல் வேகத்தை இன்னைக்கும் 'நாட்'னு சொல்றது அந்த முடிச்சாலதான். எண்ணினதை தேதி போட்டு எழுதி வச்ச நோட்டு லாக்புக். 1997 டிசம்பர்ல ஜார்ன் பார்கர்ங்கிறவரு தன்னோட சைட்டுக்கு வெப்லாக், அதாவது இணையத்துல எழுதற லாக்னு பேரு வச்சாரு. 1999ல பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை 'வீ பிளாக்'னு (we blog) விளையாட்டா பிரிச்சாரு, வெப்ல இருந்த கடைசி எழுத்து லாக்கோட ஒட்டிக்கிச்சு, மீதி உதிர்ந்துபோச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிளாகர் தளம் வந்ததும் யாரு வேணா ஆரம்பிக்கலாம்னு ஆயிடுச்சு.

தமிழ்ல ரெண்டு சொல்லு புழக்கத்துல இருக்கு, வலைப்பூ, வலைப்பதிவு. வலைப்பூ அழகான சொல்லு, மறுக்கல. ஆனா லாக்ங்கிறதுக்குள்ள இருக்கிற 'அன்னன்னைக்குக் குறிச்சு வைக்கிறது' பூவுல இல்ல, பதிவுல இருக்கு. பதிங்கிற வேர்ச்சொல்லைப் பாருங்க, ஈர மண்ணுல கால் பதியுது, மனசுல முகம் பதியுது, ஆபீஸ்ல பத்திரம் பதியுறோம், எல்லாமே ஒண்ணு தங்கிப்போறதுதான். அதனால என் ஓட்டு வலைப்பதிவுக்கு. எழுதறவங்க பதிவர், ஒவ்வொரு தடவையும் எழுதிப் போடறது இடுகை, படிச்சவங்க சொல்றது பின்னூட்டம். பலரோட பதிவையும் ஒரே இடத்துல காட்டறது திரட்டி, 2004ல வந்த தமிழ்மணம் அப்படி ஒண்ணு. "இன்னைக்கு ஒரு பிளாக் போட்டேன்"னு சொல்றாங்க இல்ல, அது தப்பு, போட்டது இடுகை.

சொந்த வாழ்க்கையை எழுதறதுன்னா அதுக்கு நாட்குறிப்புன்னு இன்னும் பொருத்தமான பழைய சொல்லே இருக்கு. டைரி, ஜர்னல் ரெண்டுமே நாளைக் குறிக்கிற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்ததுதான், அதனால நாட்குறிப்பு ரெண்டுக்குமே சரியா உட்காரும். இதுல நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு, புதுச்சேரில பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736லேர்ந்து 1761ல சாகற வரைக்கும் எழுதினாரு, கப்பல் வந்தது, பீரங்கி போட்டது, கவர்னர் வீட்டுல யாரு என்ன பேசினாங்கன்னு, எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ்ல. கப்பல்காரங்க லாக்புக் எழுதின அதே காலத்துல கரையில நம்ம ஆளு அந்தக் கப்பல் வந்து சேர்ந்ததைக் குறிச்சு வச்சிருக்காரு! இலக்கணமா எழுத வரலையேன்னு தயங்கறவங்களுக்கு நான் எப்பவும் இவரைத்தான் சொல்லுவேன்.

அந்தப் பொண்ணு ஸ்கூல்ல படிச்சது கன்னடமும் இங்கிலீஷும், தமிழ் தாத்தாகிட்ட கத்துக்கிட்டது. நேத்து போனை நீட்டினா, மேல 'மாடி வீட்டு நாள்குறிப்பு'ன்னு இருந்தது. ள் பக்கத்துல க வந்தா ட் ஆயிடும், நாட்காட்டி மாதிரின்னு சொன்னேன், அங்கயே நின்னு மாத்தினா. கீழ தேதி போட்டு மூணே வரி: காலைல மழை, ஏரிப் பக்கம் நடக்கப் போக முடியல, தாத்தா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து காபி ஆறிப்போற வரைக்கும் வானத்தையே பார்த்துட்டு இருந்தாரு.

தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினோம். "இதுதான் உன் பிளாக்கா"ன்னு கேட்டாரு. "இல்ல தாத்தா, இது இடுகை"ன்னா.