ஆல்பம்: ஒரு வெள்ளைச் சொல்லின் கதை

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1968 நவம்பர் 22 அன்று ஓர் இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. அவர்கள் வைத்த பெயர் வெறும் 'த பீட்டில்ஸ்'. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அதைக் கேட்பதில்லை. அட்டை முழுக்க வெள்ளை. குழுவின் பெயர்கூட நிறமில்லாத புடைப்பெழுத்துதான். அதனால் ரசிகர்கள் 'ஒயிட் ஆல்பம்' என்றார்கள், அதுவே நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை. இலத்தீனில் ஆல்பம் என்றாலே 'வெள்ளையானது' என்றுதான் பொருள். ஆக, ரசிகர்கள் வைத்த பெயர் 'வெள்ளை வெள்ளை'. நம் கேட்டுக்கதவுக்கும் நடுசென்டருக்கும் தூரத்து உறவு.

வேர்ச்சொல் 'ஆல்பஸ்', வெள்ளை. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் ஆல்புமினும் இதே குடும்பம்தான். முட்டையின் வெள்ளைக்கருவைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. பழைய ரோமில் சுண்ணமடித்த வெள்ளைப் பலகையில் அரசு அறிவிப்புகளை எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் ஆல்பம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள் வெற்றுத்தாள் ஏடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் இரண்டு வரியும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் ஆல்பம் என்றே பெயர். பிறகு அஞ்சல்தலை, புகைப்படம் என்று ஒட்டிவைக்கும் ஏடெல்லாம் ஆல்பம் ஆயிற்று.

இசைக்கு அது வந்தது அட்டை வழியாக. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில், 12 அங்குல அகலம் இருந்தாலும், ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். நாற்பது நிமிடச் சிம்பொனிக்கு நான்கைந்து தட்டு வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, கெட்டி அட்டை போட்டுத் தைத்து விற்றார்கள். பார்த்தால் புகைப்பட ஆல்பம் மாதிரியே இருக்கும், பெயரும் ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. தைத்த ஏட்டுக்கு வேலை போனது, பெயர் போகவில்லை.

தமிழில் இந்தச் சொல் தலைகீழாகவே நிற்கிறது. சினிமாவில் இல்லாத ஒற்றைப் பாட்டை 'ஆல்பம் சாங்' என்கிறோம். ராக் ரசிகரிடம் இதைச் சொன்னால் குழம்பிப்போவார். அவருக்கு ஒற்றைப் பாட்டு 'சிங்கிள்'. ஆல்பம் என்பது பத்துப் பாட்டும் அவை நிற்கும் வரிசையும்.

அந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 மார்ச்சில் வந்தது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் அநேகமாக இல்லை, ஒன்று மற்றொன்றில் கரைகிறது. அதை ஊறப்போட்டுக் கேட்டவர்களின் காதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கோ வானொலியில் அதில் ஒரு பாட்டு மட்டும் ஓடி முடிந்தால், அடுத்து வேறு எது வந்தாலும் முகம் சுளிக்கும். காது ஏற்கெனவே அடுத்த பாட்டின் முதல் ஒலியைப் போட்டுவைத்திருக்கும்.

அதே குழுவின் 'த வால்' (1979) இன்னும் குறும்பு. தட்டைப் போட்டதும் ஒரு குரல் பாதி வாக்கியத்தை முணுமுணுக்கும், அது பின்பாதி. முன்பாதி, இரண்டு தட்டின் நான்கு பக்கமும் ஓடித் தீர்ந்த பிறகு கடைசி நொடியில் வரும். இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: மண்டலித்தல். அந்தாதியின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேர்வது.

இப்போது தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். 'இசைத்தொகுப்பு' பரவலாக வழங்குகிறது. தவறில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. தொகுப்பு என்றால் எங்கெங்கோ இருந்ததை ஓரிடத்தில் சேர்த்தது. வெற்றிப்பாடல்களைப் பொறுக்கி விற்கும் தட்டுக்கு அது கச்சிதம். பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இந்த வேறுபாட்டை என்றோ பார்த்துவிட்டது. தொகைநிலை வேறு, தொடர்நிலை வேறு என்று பிரிக்கிறது. 'த வால்' தொடர்நிலை. 'இசைக்கோவை' என்கிறவர்களும் உண்டு. இசையமைப்பையே அப்படிச் சொல்வோர் இருப்பதால் அது குழப்பும். என் ஓட்டு 'பாடற்கோவை'க்கு. கோவை இலக்கியத்தில் நானூறு பாட்டு. ஒவ்வொன்றும் தனியே நிற்கும், வரிசையாகக் கோத்தால் காதலர் முதலில் சந்தித்ததிலிருந்து ஒரு கதை நடக்கும். நல்ல ராக் ஆல்பம் செய்வதும் இதைத்தான். பேச்சில் ஆல்பம் ஆல்பமாகவே இருக்கட்டும்; எழுத்தில் பாடற்கோவையைப் புழங்கிப் பார்க்கலாம்.

ஒயிட் ஆல்பத்திடம் மட்டும் இந்த வாதம் தடுக்கி விழுகிறது. முப்பது பாட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லை. தாலாட்டும் உண்டு, காதைக் கிழிக்கும் இரைச்சலும் உண்டு. இலக்கணப்படி பார்த்தால் தொகைதான். ஒரே தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொன்னார். ஆனால் எதை எடுப்பது என்று ரசிகர்களைக் கேட்டுப்பாருங்கள், பொழுது விடிந்துவிடும். கேட்டுக் கேட்டு அவர்களே நூலைக் கோத்துவிட்டார்கள்.

ரூதர்ஃபர்ட் சாங் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்த ஒரே ஆல்பத்தின் பழைய பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2013இல் நியூயார்க்கில் அவற்றை இசைத்தட்டுக் கடை போல அடுக்கிவைத்தார். விற்பதில்லை, வாங்குவது மட்டும். அந்த வெள்ளை அட்டைகளில் பல வெள்ளையாகவே இல்லை. பழுப்பேறிய ஓரம், கோப்பை வைத்த வட்டக்கறை, பேனாவில் எழுதிய பெயர், கிறுக்கிய படம். நூறு பிரதிகளின் ஒலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் பார்த்தார். முதலில் எல்லாம் சேர்ந்தே பாடுகின்றன. பிறகு கீறலுக்கும் தேய்மானத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் முந்துகிறது, கொஞ்சம் பிந்துகிறது. பக்கம் முடியும்போது நூறும் நூறு இடத்தில் நிற்கின்றன.