சஸ்டெய்னுக்கு உயிர் கொடுக்கும் லூப்

மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரில், ஆசிலேட்டர் என்ற பகுதி தருவது வெறும் அலை. அது எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், கீயை விட்டதும் எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என்வலப். அட்டாக் (எழுச்சி), டிகே (உச்சத்திலிருந்து இறக்கம்), சஸ்டெய்ன் (நிலைத்து நிற்றல்), ரிலீஸ் (கீயை விட்டபின் அடங்கல்) என்று அதற்கு நான்கு கட்டங்கள். இவற்றில் சஸ்டெய்ன் எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது. மற்ற மூன்றும் நேரத்தைக் குறிப்பவை. சஸ்டெய்ன் மட்டும் ஒரு மட்டம். கீயைப் பத்து நொடி பிடித்திருந்தால், அதில் பெரும்பகுதி நேரம் எதுவுமே மாறுவதில்லை. அந்த வெற்றிடத்தில் அசைவைக் கொண்டுவருவதுதான் லூப், அதாவது என்வலப்பின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது.

இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சாஃப்ட்வேரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேண்டிய வளைவைப் புள்ளி புள்ளியாக வரைந்து, லூப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட வேண்டும். என்வலப் முடிவுக்குறியைத் தொட்டதும் தொடக்கக்குறிக்குத் திரும்பிவிடும். கேட் முறையில் வைத்தால், கீயை விடும்வரைதான் இந்தச் சுழற்சி. விட்டதும் லூப்புக்கு அப்பால் வரைந்த பகுதி ஓடும். சாதாரண எல்எஃப்ஓவும் (ஒலியை மெதுவாக அசைக்கும் ஆசிலேட்டர்) திரும்பத் திரும்ப ஓடக்கூடியதுதான். ஆனால் ஒரே ஒருமுறை நிகழும் எழுச்சி, நடுவில் சுழற்சி, பிறகு தனியான முடிவு என்று மூன்றையும் ஒரே கோட்டில் வரைய முடிவது லூப் என்வலப்பில்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. லூப் முடியும் இடத்தில் ஒலியளவு உச்சத்திலும், தொடங்கும் இடத்தில் அடிமட்டத்திலும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். இரண்டு மட்டங்களையும் சமமாக்கலாம். இல்லையென்றால் நடுவே சில மில்லிநொடிச் சரிவு வைக்கலாம்.

என்னை மிகவும் ஈர்ப்பது, நீளம் வேறுபடும் இரண்டு லூப்களை ஒரே சுரத்தில் ஓடவிடுவது. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடி 500 மில்லிநொடி. அதில் கால்பங்கு 125. ஒலியின் சில அதிர்வெண்களைக் குறைக்கும் ஃபில்டரின் லூப் ஐந்து கால்பங்கு, அதாவது 625 மில்லிநொடி. ஒலியளவின் லூப் ஏழு கால்பங்கு, 875 மில்லிநொடி. இரண்டும் 35 கால்பங்குக்கு ஒருமுறை, 4.375 நொடியில்தான் மீண்டும் ஒன்றுசேரும். கண்டத்தையும் (ஐந்து) மிஸ்ரத்தையும் (ஏழு) சேர்த்து எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். பிடித்திருப்பது ஒரே கீ. கேட்பதோ எளிதில் அலுக்காத ஒரு தாளக்கோவை. மேலும், ஒவ்வொரு சுரத்துக்கும் தனி என்வலப் ஓடுவதால், மூன்று கீகளைச் சற்று முன்பின்னாக அழுத்தினால் மூன்று சுழற்சிகளும் ஒன்றையொன்று துரத்தும். நீண்டு ஒலிக்கும் பேட் ஒலிகளுக்கு இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது.

லூப்பைக் குறுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 10 மில்லிநொடிக்கு வந்தால் நொடிக்கு 100 சுற்று. அப்போது காது துடிப்பை உணர்வதில்லை; ஒலியின் நிறமே மாறிவிடுகிறது. 440 ஹெர்ட்ஸ் அலையின் ஒலியளவை இந்த வேகத்தில் ஏற்றி இறக்கினால் 340, 540 ஹெர்ட்ஸிலும் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். ஆனால் சர்ஜ் தன் என்வலப்பை 32 சாம்பிளுக்கு (ஒலி அலையின் தனித்தனி டிஜிட்டல் அளவீடு) ஒருமுறைதான் கணக்கிடுகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் 10 மில்லிநொடிச் சுற்றுக்கு 15 மதிப்புகள்தான் கிடைக்கும். நுணுக்கமாக வரைந்த வளைவு அதில் மழுங்கிப்போகும். இந்த வேகத்தில் என்வலப்பை வருத்துவதைவிட, இரண்டு ஆசிலேட்டர்களை, அவற்றின் அலைகளை ஒன்றோடொன்று பெருக்கும் ரிங் மாடுலேஷனில் இணைப்பதே நல்லது.