‘அலை’ என்றால் முல்லைத்தீவில் என்ன கேட்கும்?

“தம்பி, அந்த அலை இஞ்சயும் வருமோ?”

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். அரை மணி நேரமாக நான் ஈர்ப்பலைகளைப் பற்றிப் பேசியிருந்தேன். இரண்டு கருந்துளைகள் மோதுவதையும் அங்கிருந்து அலை கிளம்பிப் பரவுவதையும் திரையில் நீலநிறத்தில் ஓடவிட்டிருந்தேன். 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்த ஊர் அது. அங்கே ‘அலை’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதை நான் யோசிக்காமல் போனது என் பிழை.

கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஊர்களுக்குப் போய் வானியல் பேசுவதும் உண்டு. அந்த அம்மாவுக்குப் பிறகு என் பேச்சின் தொடக்கத்தையே மாற்றிவிட்டேன். இப்போது முதலில் சுனாமியைத்தான் சொல்கிறேன். அது தண்ணீரின் அலை, வழியில் இருப்பதை அள்ளிக்கொண்டு போகும். நான் சொல்லவந்த அலை எதையும் அள்ளாது. இடத்தையே ஒரு பக்கம் நீட்டி, மறுபக்கம் சுருக்கி, அடுத்த கணம் அதை மாற்றிச் செய்துகொண்டு கடந்து போகும்.

இதைக் காட்டப் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய ஒரு வளையம் போதும். இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்தால் அகலம் கூடும், உயரம் குறையும். விட்டுவிட்டு மேலும் கீழுமாக இழுத்தால் உயரம் கூடி அகலம் குறையும். மாறி மாறி இழுக்கச் சொல்லி வளையத்தை ஆட்களின் கையிலேயே கொடுத்துவிடுவேன். இடம் வளைவதை ரப்பர் விரிப்பில் இரும்புக் குண்டு வைத்துக் காட்டும் வழக்கமான வித்தையை விட்டுவிட்டேன். அதைப் பார்த்த பிள்ளைகள் கருந்துளை என்றால் விரிப்பில் விழுந்த ஓட்டை என்றே வரைகிறார்கள்.

அப்புறம் அந்த அம்மாவின் கேள்விக்கு உண்மையான பதில்: வந்தது, போயும்விட்டது. 2015 செப்டெம்பர் 14, திங்கட்கிழமை, நம் நேரப்படி பிற்பகல் 3.20. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றான செய்தி, ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகள் பயணித்து வந்து பூமியை ஊடுருவிப் போனது. அமெரிக்காவுக்குள்ளால் போனதுபோலவே வன்னிக்குள்ளாலும் போனது. மூன்று சூரியன்களின் திணிவு அந்த அலையாகவே செலவாகியிருந்தது. ஆனால் இங்கே வந்துசேரும்போது அதன் வலு எவ்வளவு தெரியுமா? பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீற்றர் தூரம் ஓர் அணுவின் அகலம் அளவுக்கு மாறும், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் மண்டபத்தில் மூச்சு விடுவது கேட்கும்.

சரி, லொறி போனாலும் நிலம் அதிருமே, அது லொறி இல்லை என்று எப்படிச் சொல்வது? இதை எந்த ஊரிலும் யாராவது ஒருவர் கேட்பார். அமெரிக்காவில் அந்த அலையைப் பதிந்த லைகோ கருவி ஒன்றல்ல, இரண்டு. லூசியானாவில் ஒன்று, வொஷிங்டன் மாநிலத்தில் ஒன்று, இடையே 3000 கிலோமீற்றர். ஒரே வடிவமான அதிர்வு முதலில் லூசியானாவிலும், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏழு பங்கு கழித்து மற்றதிலும் பதிவானது. எந்த லொறியாலும் அது முடியாது.

படித்தவர்களிடம் பேசுவது இதைவிட இலகு என்று நினைத்திருந்தேன். ஒருமுறை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் கேட்டார்: “மாஸ்டர், இடமே நீளுதெண்டால் அதுக்குள்ள ஓடுற ஒளியும் சேர்ந்து நீளும்தானே? பிறகு எதைக்கொண்டு அளக்கிறது?” அருமையான கேள்வி. பௌதிகம் படித்தவர்களே தடுமாறும் இடம் இது. நான் அன்று சமன்பாட்டுக்குள் போய் அவரை இழந்துவிட்டேன். பதில் அவருடைய வேலைக்குள்ளேயே இருந்தது, எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

குளத்துத் துருசு, அதாவது மதகு, திறந்தபடி இருக்கிறது, தண்ணீர் விடாமல் வருகிறது. வாய்க்கால் சற்று நீண்டுபோனால் என்ன நடக்கும்? ஏற்கெனவே உள்ளே நிற்கும் தண்ணீர் வாய்க்காலோடு சேர்ந்து இழுபடட்டும், அது ஓடி முடிந்துவிடும். புதிதாக விட்ட தண்ணீர் கடைசிக் காணிக்கு வந்துசேரப் பிந்தும். லைகோவின் 4 கிலோமீற்றர்க் குழாய்களுக்குள்ளும் லேசரிலிருந்து புது ஒளி வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிலத்தில் கிடக்கும் இரண்டு குழாய்களில் எதில் போன ஒளி பிந்தித் திரும்புகிறது என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். ஆக, ஒளி அங்கே அடிமட்டம் அல்ல, மணிக்கூடு. அவரைத் தேடிப்போய்ச் சொன்னேன். நிலத்தில் தடியால் இரண்டு வாய்க்கால் கீறி, தானே எனக்குத் திருப்பி விளக்கினார். விளங்கிவிட்டதா என்று அறிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்போது எல்லா இடத்திலும் யாராவது ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.

துருசு என்றதும் பிள்ளைகள் வேறொன்றைச் சொல்வார்கள். “சேர், துருசடியில சுழி இழுக்கிற மாதிரித்தானே கருந்துளையும்?” துருசடியில் குளிக்காதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஆகவே அந்தப் பயம் நியாயமானது. கிட்டப் போனால் ஓரளவு சரியும்கூட: ஓர் எல்லையைத் தாண்டினால் எந்த வேகத்தில் நீந்தினாலும் திரும்ப முடியாது, ஒளிக்கும் முடியாது. ஆனால் தூரத்தில் இருப்பவரை இழுத்துக்கொண்டு போக வானத்தில் தண்ணீர் இல்லை. சூரியனை அதே திணிவோடு 3 கிலோமீற்றர் ஆரையுள்ள கருந்துளையாகச் சுருக்கினாலும் பூமி அதே பாதையில்தான் சுற்றும். இருண்டு குளிர்ந்துபோகும், உள்ளே விழாது. இதைப் பிள்ளைகள் நம்புவதற்கு ஒரு பாடவேளை போதாது, நான் இரண்டு எடுக்கிறேன்.

ஆடி மாதம், சோளகம் வீசும் இரவுகளில் பத்து மணியளவில் அவர்களை வெளியே கூட்டிவந்து தெற்கே தனுசு இராசிப் பக்கம் கையைக் காட்டுவேன். அந்தத் திசையில், சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில், 40 இலட்சம் சூரியன்களின் திணிவோடு நம் பால்வீதியின் நடுக் கருந்துளை இருக்கிறது. அதன் படம் 2022இல் வெளியானது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதை மட்டும் கை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் தெரிகிறது என்று எல்லாரும் தலையாட்டுவார்கள்.